மலையில் பெய்வதும் ஜெலுத்தோங்கில் வருவதும்

கொடிமலையில் பெய்யும் மழை ஜெலுத்தோங்குக்கு எப்போது வந்து சேரும், எவ்வளவு உயரத்துக்கு ஏறும்? என் தொழில் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் கழிந்தது. மழைமானியைத் துடைத்து வைக்கும் கடைநிலை வேலையில் சேர்ந்தேன். பிறகு ஆற்றில் இறங்கி நீரோட்டம் அளந்தேன். கடைசியில் மழையிலிருந்து ஆற்றோட்டத்தைக் கணக்கிடும் மாதிரிகளை அமைக்கும் மேசைக்கு வந்தேன். இந்த வரிசையில் வந்ததை நான் பெருமையாகவே நினைக்கிறேன். இப்போது படித்துவிட்டு வரும் பிள்ளைகள் நேராகக் கணினி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். கெட்டிக்காரர்கள்தான், அதில் சந்தேகம் இல்லை. அவர்களில் சிலர் வீடு தேடி வந்து கேட்ட கேள்விகளுக்குச் சொன்ன பதில்களையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். பினாங்கு ஆற்றின் வடிநிலம் ஏறத்தாழ 51 சதுர கிலோமீட்டர். மேற்கே 800 மீட்டருக்கும் மேல் எழும் கொடிமலைத் தொடர், கிழக்கே கடல். மலைப் பக்கமிருந்து ஆயர் ஈத்தாம் ஆறும் டொண்டாங் ஆறும் இறங்குகின்றன. தாவரவியல் பூங்காவையும் தண்ணீர்மலையையும் ஒட்டி ஆயர் தெர்ஜுன் ஆறு வருகிறது. ஜெலுத்தோங் ஆறும் கீழே வந்து சேர்ந்துகொள்கிறது. இவ்வளவும் ஒன்றாகிக் கடலில் கலக்கும் தாழ்நிலத்தில்தான் நாம் குடியிருக்கிறோம். மலையின் செங்குத்தான சரிவில் பாய்ந்து வரும் தண்ணீர், சமதளத்துக்கு வந்ததும் நடையைக் குறைத்துக்கொள்ளும். பின்னால் வரும் தண்ணீருக்கு அது தெரியாது. அதனால்தான் ஜாலான் பி. ரம்லி பக்கமும் அதைச் சுற்றியுள்ள பள்ளமான கம்பங்களும் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் பார்க்கின்றன.

ஒரு கணக்கை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் கன மீட்டர் தண்ணீர். வடிநிலம் முழுவதும் 100 மில்லிமீட்டர் பெய்தால் 51 லட்சம் கன மீட்டர். அதில் எவ்வளவு மண்ணுக்குள் போகிறது, எவ்வளவு ஆற்றுக்கு வருகிறது, எந்த வேகத்தில் வருகிறது என்பதுதான் மாதிரியின் வேலை. மாதிரி தரும் வெள்ளத்தின் மொத்த அளவு, பெய்த மழையின் மொத்த அளவைவிடக் கூடுதலாக இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். மேலே எவ்வளவு அழகான வளைகோடு வந்தாலும் அது பொய். உச்சத்தைப் பார்க்கும் முன் மொத்தத்தைப் பாருங்கள். இந்தப் பழக்கம் ஒன்று இருந்தால் பாதித் தவறுகள் மேசையை விட்டு வெளியே போகாது.

எனக்குத் தொழில் பழக்கியவர் ஒரு மூத்த தொழில்நுட்பர். அலுவலகத்தில் எல்லோரும் அவரை அண்ணன் என்றே கூப்பிடுவார்கள். பெரிய படிப்பு கிடையாது; வரைபடத் தாளும் பென்சிலும் வளைகோலும்தான் அவர் ஆயுதம். ஆற்று மட்டப் பதிவை முன்னால் வைத்தால், எண்களைப் படிக்கும் முன் வளைகோட்டின் வடிவத்தைப் பார்ப்பார். "இது மலை மழை இல்ல தம்பி, டவுன் மழை. எப்படி எழும்பி எப்படி விழுதுன்னு பாரு" என்பார். நகரத்தின் சிமெண்ட் தரையில் விழுந்த மழை சட்டென்று ஆற்றுக்கு வந்துவிடும்; வளைகோடு ஊசியாக ஏறி ஊசியாக இறங்கும். மலைக்காட்டில் பெய்தது சற்றுப் பொறுத்து, அகலமாக வரும். இரண்டு இடத்திலும் பெய்திருந்தால் வளைகோட்டில் இரண்டு திமில் தெரியும். முதல் திமில் நம் கூரைகளும் கார் நிறுத்தங்களும் அனுப்பியது. இரண்டாவது கொடிமலை அனுப்பியது. மாதிரியைக் கட்டும்போது வடிநிலத்தை ஒரே துண்டாக வைக்கக் கூடாது, மலையைத் தனியாகவும் நகரத்தைத் தனியாகவும் பிரிக்க வேண்டும் என்று புத்தகம் சொல்வதை அவர் அந்த இரண்டு திமில்களில் காட்டிக் கொடுத்தார்.

ஏதாவது ஒரு வெள்ளத்தைப் பற்றிக் கேட்டால் அவர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி: "மழை எங்க பெஞ்சுச்சு?" எவ்வளவு என்பது பிறகுதான். ஆயர் ஈத்தாமில் இடி இடித்துக் கொட்டும்போது ஜெலுத்தோங்கில் துணி காய்ந்துகொண்டிருக்கும். இதை இங்கே வளர்ந்த எவரும் பார்த்திருப்பார்கள். மாலை இடிமழை சில கிலோமீட்டர் அகலத்துக்குள் பெய்து முடிந்துவிடும். விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து வரும் காற்றுமழையின் போக்கு வேறு. ஆகவே ஒரே ஒரு மழைமானியின் எண்ணை எடுத்து வடிநிலம் முழுக்கப் பூசினால், பெய்யாத மழையும் ஆற்றில் ஓடும். பெய்த மழை ஓடாமலும் போகும். ஒவ்வொரு மானிக்கும் எவ்வளவு பரப்பு பொறுப்பு என்று பலகோணம் வரைந்து பங்கு பிரிக்கும் தீசன் முறை இருக்கிறது. நல்ல முறைதான். ஆனால் மலையின் உயரம் அந்தப் பலகோணத்துக்குத் தெரியாது. மேலே ஒரு மானி, அடிவாரத்தில் ஒன்று, ஊருக்குள் ஒன்று. குறைந்தது இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்காமல் நான் எந்த மழையையும் மாதிரிக்குள் விட்டதில்லை.

மழைமானியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாத் தவறும் அங்கேதான் பிறக்கிறது. இப்போது பெரும்பாலும் கவிழும் வாளி மானிதான். 203 மில்லிமீட்டர் விட்டமுள்ள புனல். அதன் அடியில் தராசுபோல் ஆடும் இரண்டு சிறு வாளிகள். நான் கையாண்ட மானிகளில் 0.5 மில்லிமீட்டர் மழைக்கு ஒரு வாளி நிறைந்து கவிழும். கவிழும்போது ஒரு துடிப்பு பதிவாகும். அந்த அரை மில்லிமீட்டர் என்பது புனலின் பரப்புக்கு 16 மில்லிலிட்டருக்குச் சற்று மேல். ஆகவே ஒரு லிட்டர் தண்ணீரை மெல்ல ஊற்றினால் 61 அல்லது 62 முறை கவிழ வேண்டும். சோதிக்கும் முறை இவ்வளவுதான். ஆனால் 'மெல்ல' என்பதில்தான் கைப்பக்குவம். அண்ணன் ஒரு பிளாஸ்டிக் போத்தலின் மூடியில் ஊசித் துளை போட்டு, அதைப் புனல்மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எண்ணுவார். அவசரப்பட்டுக் கொட்டினால் ஒரு வாளி கவிழ்ந்து மறு வாளி வருவதற்குள் தண்ணீர் வழிந்து எண்ணிக்கை குறையும். பேய்மழையிலும் இதேதான் நடக்கிறது. வெள்ளம் வரும் நாளில், அதாவது நமக்கு எண் மிகவும் தேவைப்படும் நாளில், மானி குறைத்துச் சொல்கிறது. அதனால் பக்கத்தில் ஒரு சாதாரணச் சேமிப்பு மானி வைத்து, நாளின் மொத்தத்தை அதோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

புனலில் காய்ந்த இலை, உள்ளே எறும்புக் கூடு, துடிப்பு அனுப்பும் கம்பியைக் கடித்த எலி, மானியை வைத்தபோது இல்லாமல் இன்று குடையாக விரிந்து நிற்கும் மரம், இவையெல்லாம் கணினித் திரையில் தெரியாது. அங்கே '0' என்று மட்டும் காட்டும். அந்தப் பூஜ்யம் வெயிலா அடைப்பா என்பதைப் போய்ப் பார்த்தவன்தான் சொல்ல முடியும். நேரில் போக முடியாவிட்டால் அக்கம்பக்கத்து மானிகளின் கூட்டுத்தொகைக்கு எதிரே இந்த மானியின் கூட்டுத்தொகையை வரைந்து பாருங்கள். கோடு நேராக ஓடிவந்து ஓரிடத்தில் வளைந்தால், அந்த மாதம் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. மரம் வளர்ந்திருக்கலாம், மானியை யாராவது இடம் மாற்றியிருக்கலாம்.

கடிகாரத்தையும் மறக்காதீர்கள். மழைப் பதிவுக் கருவி ஒரு கடிகாரம், நீர்மட்டக் கருவி வேறொரு கடிகாரம். இரண்டும் ஒரு மணி நேரம் விலகியிருந்தால், மழை பெய்யும் முன்பே ஆறு ஏறுவதாகப் பதிவு காட்டும். அதைக் கவனிக்காமல் மாதிரியின் திருகுகளை, அதாவது நாம் மாற்றிப் பொருத்தும் எண்களை, மாற்றி மாற்றிச் சலித்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். கருவியைத் திறந்ததும் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை நோட்டில் எழுதிவிட வேண்டும். ஒரு வரிதான். எத்தனை மாத வேலையை அது மிச்சப்படுத்தும்!

மழை ஒரு பக்கம், ஆறு மறுபக்கம். ஆற்றில் நாம் தொடர்ந்து அளப்பது மட்டத்தைத்தான், ஓட்டத்தை அல்ல. மட்டத்தை ஓட்டமாக மாற்றித் தருவது ரேட்டிங் கர்வ். அதைப் பெற ஆற்றில் இறங்கியே ஆக வேண்டும். ஆற்றின் குறுக்கே கயிறு கட்டி, பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆழம் பார்த்து, நீரின் வேகம் அளக்கும் கரண்ட் மீட்டரை மேலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் இறக்கி, ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுவோம். ஆழம் கூடுதலாக இருந்தால் பத்தில் இரண்டு, பத்தில் எட்டு என்று இரண்டு இடத்தில் அளந்து சராசரி. வேகத்தைப் பரப்பால் பெருக்கி, துண்டுகளைக் கூட்டினால் ஓட்டம். வெள்ளத்தில் இறங்க முடியாது. பாலத்திலிருந்து எடை கட்டி இறக்க வேண்டும். மிதந்து வரும் மரக்கிளையை ஒருவர் மேலே பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பார். அப்படி நனைந்து எடுத்த ஒரு வெள்ளப் புள்ளி, தெளிந்த ஆற்றில் எடுத்த எத்தனையோ புள்ளிகளைவிட விலை மதிப்புள்ளது. ஏனென்றால் ரேட்டிங் கர்வின் மேல்பகுதி பெரும்பாலும் நீட்டி வரைந்ததாகவே இருக்கும். உச்ச வெள்ளம் 'இத்தனை கன மீட்டர்' என்று யாராவது உறுதியாகச் சொன்னால், எந்த மட்டம்வரை நேரில் அளந்தீர்கள் என்று கேளுங்கள்.

இன்னொரு நுணுக்கம்: ஒரே மட்டத்தில், ஏறும் வெள்ளத்தில் ஓட்டம் கூடுதலாகவும் இறங்கும் வெள்ளத்தில் குறைவாகவும் இருக்கும். ஏறும்போது நீர்ப்பரப்பின் சரிவு செங்குத்தாக இருப்பதுதான் காரணம். சமதளத்து ஆற்றில் இது நன்றாகவே தெரியும்.

மாதிரிகளுக்கு வருவோம். எளியதிலிருந்து தொடங்குங்கள். அயர்லாந்துக்காரர் மல்வேனி 1851-இல் சொன்ன ராஷனல் முறை இன்றும் கால்வாய் வடிவமைக்கிறது. மழைச் செறிவு, பரப்பு, ஓட்டக் கெழு (பெய்ததில் ஓடிவரும் பங்கு) மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுப்பது. 10 ஹெக்டேர் நிலம், மணிக்கு 100 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொள்வோம். கெழு 0.4 என்றால் விநாடிக்கு 1.1 கன மீட்டர். அதே நிலத்தைச் சிமெண்ட் போட்டு மூடிக் கெழுவை 0.9 ஆக்கினால் 2.5 கன மீட்டர். ஒரு கார் நிறுத்தம் ஆற்றுக்கு என்ன செய்கிறது என்பது இந்த இரண்டு எண்ணில் இருக்கிறது. நீர்ப்பாசன வடிகால் துறை 2000-இல் கொண்டுவந்து 2012-இல் திருத்திய மஸ்மா கையேடு, கட்டுமானத்துக்குப் பிந்தைய உச்ச ஓட்டம் முந்தையதைத் தாண்டக்கூடாது என்று சொல்வதும் இதற்காகத்தான். தேக்கக் குளம் வெட்டச் சொன்னால் முகம் சுளிக்கும் கட்டுமானக்காரர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன். ஆனால் ராஷனல் முறை சிறு பரப்புக்கு மட்டும். அதே கையேடு 80 ஹெக்டேருக்கு மேல் வேண்டாம் என்கிறது. பினாங்கு ஆறு முழுவதுக்கும் அதைப் போடுவது தொழில் தெரியாத வேலை.

அடுத்தது யூனிட் ஹைட்ரோகிராஃப். அமெரிக்கப் பொறியாளர் ஷெர்மன் 1932-இல் வெளியிட்டார். நம் நீர்ப்பாசன வடிகால் துறை தொடங்கியதும் அதே 1932-இல்தான். ஒரு வடிநிலத்தில் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குச் சீராகப் பெய்து, இழப்பு போக ஓடும் ஓரலகு மழைக்கு ஆறு எந்த வடிவத்தில் பதில் சொல்கிறதோ, அதுவே அந்த வடிநிலத்தின் கையெழுத்து. மழை இரண்டு மடங்கானால் வளைகோடும் இரண்டு மடங்கு. அடுத்தடுத்து மழை வந்தால் அடுத்தடுத்து நகர்த்திக் கூட்டல். இதை ஒரு முறையாவது வரைபடத் தாளில் கையால் கூட்டிப் பாருங்கள். ஹெக்-எச்எம்எஸ் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு நொடியில் செய்துவிடும். கையால் கூட்டியவனுக்கு அது உள்ளே என்ன செய்கிறது என்று தெரியும். மற்றவனுக்கு அது தருவதை நம்புவது தவிர வழியில்லை.

என் மனத்துக்கு நெருக்கமானது ஜப்பானியர் சுகவரா உருவாக்கிய டேங்க் மாதிரி. ஒன்றின்கீழ் ஒன்றாக நான்கு தொட்டிகளை அடுக்கி வைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மேல்தொட்டியில் மழை விழுகிறது. வெயில் கொஞ்சம் குடித்துவிடுகிறது. தொட்டியின் பக்கத்தில் துளை, அடியிலும் துளை. நீர்மட்டம் பக்கத் துளையின் உயரத்தைத் தொட்டால்தான் ஆற்றுக்குத் தண்ணீர் போகும். அடித்துளை வழியாகக் கீழ்த்தொட்டிக்கு இறங்கும். மேல்தொட்டி வெள்ளம், அடுத்தது மழை விட்ட பிறகும் சில நாள் வரும் ஊற்று, அடித்தொட்டி கோடைக்கு ஆற்றைக் காப்பாற்றும் அடிநீரோட்டம். வெள்ளமும் வறட்சியும் இரண்டு தனித்தனிக் கதை அல்ல, ஒரே அடுக்கின் மேலும் கீழும் என்று எனக்குப் புரிய வைத்தது இந்த மாதிரிதான். தை மாதத்தில் தொட்டி காய்ந்திருக்கும்; 60 மில்லிமீட்டர் பெய்தாலும் ஆறு பெரிதாக அசையாது. புரட்டாசி, ஐப்பசியில் தொட்டி நிறைந்து நிற்கும். அதே 60 மில்லிமீட்டர் தெருவுக்கு வந்துவிடும். இன்று பெய்யும் மழையை மட்டும் பார்த்து எச்சரிக்கை கொடுப்பவர், தொட்டியில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்பதைக் கேட்க மறந்தவர்.

துளைகளின் அளவையும் உயரத்தையும் எப்படி முடிவு செய்வது? அதுதான் பொருத்துதல். சுகவராவே வளைகோட்டைக் கண்ணால் பார்த்துக் கையால் மாற்றிப் பொருத்தும் வழக்கம் உள்ளவர். ஒரு நேரத்தில் ஒரு திருகு மட்டும். முதலில் மொத்த நீர்க்கணக்கு சரிவர வேண்டும். பிறகு கோடைப் பகுதி, அதாவது அடித்தொட்டி. பிறகு வெள்ளம் வடியும் பகுதி. உச்சத்தைக் கடைசியில் தொட வேண்டும். ஆரம்பத்திலேயே உச்சத்தை இழுத்துப் பிடிப்பவர்கள் மற்ற எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறார்கள். நாஷும் சட்கிளிஃபும் 1970-இல் தந்த திறன் எண் ஒன்று உண்டு. 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் சராசரியைச் சொன்னதற்குச் சமம். 0.9 வந்துவிட்டது என்று துள்ளாதீர்கள். உச்சம் ஒரு மணி நேரம் பிந்தியிருக்கிறதா என்று பாருங்கள். சின்ன ஆற்றில் அந்த ஒரு மணி நேரம்தான் மனிதருக்குக் கிடைக்கும் மொத்த அவகாசமே. பொருத்தப் பயன்படுத்திய வெள்ளங்களை ஒதுக்கிவிட்டு, மாதிரி பார்த்திராத வேறு ஆண்டு வெள்ளத்தில் ஓட்டிப் பார்த்த பிறகே அதைப் பற்றி வாய் திறக்க வேண்டும்.

ஒரு முறை புதிதாக வந்த பையன் ஒருவன் மாதிரியின் மட்டம் பதிவுக்குக் குறைவாக வருகிறது என்று, ஆற்றின் சொரசொரப்பைக் குறிக்கும் மேனிங் எண்ணை ஏற்றிக்கொண்டே போனான். சிமெண்ட் கரை கட்டிய ஆற்றுக்கு, புதர் மண்டிய காட்டு ஓடைக்குக்கூடப் போடாத எண்ணைப் போட்டான், கோடு பொருந்திவிட்டது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. "வா தம்பி, ஒரு நடை போயிட்டு வருவோம்" என்று பாலத்தடிக்கு அழைத்துப் போனார். அங்கே பழைய மெத்தையும் மரக்கிளையும் பிளாஸ்டிக்கும் தூணில் சிக்கி ஆற்றைப் பாதியாக அடைத்திருந்தன. மாதிரியில் போட வேண்டியது சொரசொரப்பு அல்ல, அடைப்பு. அடைப்பை எடுத்தால் மட்டம் இறங்கும் என்பதும் அப்போதுதான் கணக்கில் வந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் நிலத்தில் ஒரு பொருள் இருக்கிறது. அந்தப் பொருள் என்ன என்று சொல்ல முடியாத எண்ணை மாதிரியில் வைக்காதீர்கள். அந்தப் பையன் இன்று நல்ல கைகாரன்.

ஜெலுத்தோங்கின் தனிச் சிக்கல் கடல். இங்கே ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்குகிறது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏற்றம் கூடும். கடல் ஏறி நிற்கும்போது ஆற்றின் கீழ்ப்பகுதியில் தண்ணீர் போக இடமில்லாமல் மேலே தேங்கும். மட்டம் உயரும், ஓட்டம் உயராது. அங்கே ரேட்டிங் கர்வ் செல்லாது. மலைப் பகுதிக்கு மழை மாதிரி, கீழ்ப்பகுதிக்குக் கடல் மட்டத்தை எல்லையாக வைத்த ஆற்று மாதிரி என்று இரண்டையும் கோத்துத்தான் ஓட்ட வேண்டும். அலைமட்ட அட்டவணையை மேசையில் ஒட்டி வைக்காமல் பினாங்கு ஆற்றுக்கு எச்சரிக்கை சொல்ல முடியாது.

2017 நவம்பர் 4 இரவும் 5 காலையும் இதையெல்லாம் ஒரே நேரத்தில் காட்டிவிட்டன. ஐப்பசிப் பௌர்ணமி, நவம்பர் 4 நிறைநிலா நாள். செப்டம்பரில் ஏற்கெனவே ஒரு வெள்ளம் வந்து போயிருந்தது. அக்டோபரிலும் மழை விடவில்லை. மண் நிறைந்து நின்றது. அந்த நிலையில், பலத்த காற்றோடு இரவு முழுக்கக் கொட்டிய மழை சில நிலையங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டரைத் தாண்டியது. பினாங்கு மாநிலத்தில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். தீவிலும் பெருநிலத்திலும் ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. நிறைந்த மண், பெருமழை, ஏறிய கடல். மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் தாங்கக்கூடியதுதான். ஒன்றாக வரும்போது என்ன ஆகும் என்று முன்கூட்டிக் கணக்குப் போட்டு வைப்பதற்கே நாங்கள் சம்பளம் வாங்குகிறோம். அந்த இரவுக்குப் பிறகு நான் பழக்கிய ஒவ்வொருவருக்கும் முதல் பயிற்சியாகக் கொடுத்தது அந்த நவம்பர் வெள்ளத்தைத்தான்.

தமிழ்நாட்டுச் சொந்தங்கள் கேட்டால் 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைச் சொல்வேன். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். நிறைந்திருந்த செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி, அதாவது ஏறத்தாழ 820 கன மீட்டர், அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. அதோடு அடையாற்றின் சொந்த வடிநிலத்து ஏரிகள் வழிந்து வந்த தண்ணீரும் சேர்ந்தது. மதகை எப்போது, எவ்வளவு திறப்பது என்ற முடிவு, ஏரிக்கு இன்னும் ஆறு மணி நேரத்தில் எவ்வளவு வரும் என்ற கணக்கின்மேல் நிற்கிறது. அந்தக் கணக்கு மழைமானியிலிருந்து தொடங்குகிறது. இதில் சென்னைக்கும் பினாங்குக்கும் வித்தியாசம் இல்லை.

வெள்ளத்தைப் பற்றிப் பேச எல்லோருக்கும் ஆசை. வறண்ட ஆற்றை அளக்க யாரும் வருவதில்லை. எனக்கோ தைப்பூசக் காலம்தான் நல்ல வேலைக்காலம். தீபகற்ப மலேசியாவின் வடபகுதியில் மழை குறைந்த மாதம் அது. தண்ணீர்மலைக்குக் காவடி ஏறும் நாட்களில் ஆயர் தெர்ஜுன் ஓடை பாறைகளுக்கு நடுவே மெலிந்து ஓடும், ஆனால் நிற்காது. கொடிமலையின் கருங்கல் பாறை சிதைந்து உண்டான தடித்த மண் மழைக்காலத்துத் தண்ணீரைப் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. இந்தச் சிறு ஓட்டத்தைக் கரண்ட் மீட்டர் உணராது. செங்கோண வெட்டுள்ள தடுப்புத் தகடு வைத்து, வெட்டின் மேல் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 10 சென்டிமீட்டருக்கு விநாடிக்கு 4 லிட்டருக்குச் சற்று மேல். 20 சென்டிமீட்டருக்கு அதைப்போல் ஐந்தரை மடங்குக்கும் மேல். அதனால் அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் பிசகுகூடக் கணக்கை மாற்றும். முட்டிபோட்டு, கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கிப் படிக்க வேண்டும். மழையில்லாத நாட்களின் ஓட்டத்தை அரைமடக்கைத் தாளில் குறித்தால் புள்ளிகள் ஏறத்தாழ நேர்கோட்டில் விழும். அந்தக் கோட்டின் சரிவு தெரிந்தால், இன்னும் மூன்று வாரம் மழை வராவிட்டால் ஓடையில் எவ்வளவு இருக்கும் என்று இன்றே சொல்லலாம். வறட்சிக் கால முன்கணிப்பின் அடிப்படை இதுதான்.

இது சிறிய விஷயமல்ல. பினாங்கின் குடிநீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அதன் நீர்ப்பிடிப்பு கெடாவின் உலு மூடாக் காட்டில் இருக்கிறது. நம் மாநில எல்லைக்கு அப்பால் நிற்கும் அந்தக் காடு அடித்தொட்டியை நிரப்பினால்தான் ஜெலுத்தோங்கில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். காடு குறைந்தால் மேல்தொட்டியின் பக்கத் துளை பெரிதாகி, அடித்துளை சிறுத்துவிடும்: மழைக்காலத்தில் வெள்ளம் கூடும், கோடையில் ஓட்டம் குறையும். இதைப் படம் போட்டுக் காட்ட எனக்கு ஒரு தாளும் நான்கு தொட்டியும் போதும். கேட்க ஆள் இருந்தால் சரி.

எச்சரிக்கை கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் ஆற்று மட்டத்துக்கு வஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து) என்று மூன்று கோடு வைத்திருக்கிறோம்; இன்ஃபோ பஞ்சிர் என்ற வெள்ளத் தகவல் தளத்தில் எவரும் பார்க்கலாம். ஆனால் பெரிய ஆறுகளில் கிடைக்கும் அவகாசம் நமக்குக் கிடைக்காது. மலையிலிருந்து கடல் அவ்வளவு பக்கம். பஹாயாக் கோட்டை ஆறு தொட்ட பிறகு சொல்வது செய்தி, எச்சரிக்கை அல்ல. மலை மானி துடிக்கத் தொடங்கியதும், தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது, கடல் எப்போது ஏறும் என்று பார்த்து, ஆறு இன்னும் அமைதியாக இருக்கும்போதே சொல்லத் துணிய வேண்டும். சில முறை தவறாகப் போகும். வண்டியை மேட்டில் ஏற்றி வைத்தவர்கள் திட்டுவார்கள். திட்டட்டும். ஏன் தவறியது என்று மறுநாளே பதிவை எடுத்துப் பார்த்து மாதிரியைத் திருத்துவதுதான் அதற்குப் பதில்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகள் முதல் மழைக்காலத்தை மேசையில் கழிக்காதீர்கள். ஒரு மானியைப் பொறுப்பெடுத்துப் பராமரியுங்கள். ஒரு வெள்ளத்திலாவது பாலத்தில் நின்று மட்டம் எழுதுங்கள். ஒரு கோடையிலாவது ஓடையை அளந்து பாருங்கள். அதற்குப் பிறகு எந்த மென்பொருளும் உங்களுக்கு வசப்படும்.

ஜெலுத்தோங் மக்களிடமும் ஒரு வேண்டுகோள். எங்கள் கருவிகள் ஆற்றோரத்தில்தான் இருக்கின்றன. உங்கள் தெருவில் இல்லை. வெள்ளம் வடிந்ததும் சுவரில் ஒரு சேற்றுக்கோடு நிற்கும். பண்டிகைக்கு வெள்ளையடித்தால் அது போய்விடும். கழுவுவதற்கு முன் அந்த உயரத்தில் ஆணியாலோ அழியாத மையாலோ ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதி வையுங்கள். கைப்பேசியில் படமெடுத்து நீர்ப்பாசன வடிகால் துறைக்கு அனுப்புங்கள். மாதிரி சொன்ன மட்டம் சரியா தவறா என்று உங்கள் தெருவுக்குச் சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல அளவு வேறு கிடையாது.